ஜாக்கிக்கு ஒரு கற்பூரம்

மயிலம் ரோட்டு வேகத்தடையில் வண்டியின் மூக்கு 'டக்' என்று இடித்தது. அந்த வாரத்தில், அவன் கணக்குக்கு, அது நான்காவது இடி. தாண்டவராயன் தன் மூக்கே உடைந்ததுபோல் முகத்தைச் சுளித்தான்.

"கியரைக் குறைச்சிக்கினு, கொஞ்சம் சாய்ச்சாப்ல ஏத்தணும்ங்க," என்றாள் பக்கத்து சீட்டில் இருந்த அவன் மனைவி அம்சவள்ளி.

"ஓட்டறவனுக்குத் தெரியும்."

"தெரிஞ்சா நாலு வாட்டி இடிக்குமா? என் லைசென்ஸு மட்டும் வந்திருந்தா..."

"வரும், வரும். சர்வர் பிராப்ளம்னு சொல்றாங்கல்ல?"

சர்வருக்கு ஒரு பிராப்ளமும் இல்லை. அம்சவள்ளியின் லைசென்ஸ் தபாலில் வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கியவன் தாண்டவராயன்தான். வாங்கிய கையோடு, கவரைக்கூடப் பிரிக்காமல், டிரைவர் சீட்டின் உறைக்குள் செருகிவிட்டான். அன்றிலிருந்து தினமும் அதன் மேல்தான் உட்கார்ந்து பிக்கப் ஓட்டிக்கொண்டிருந்தான்.

அவனைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. பயந்தவன், அவ்வளவுதான். வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றினால் தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டு, "மாத்தியாச்சா?" என்று போனில் கேட்கிற ஆள். அப்படிப்பட்டவனுக்கு அம்சவள்ளியின் டிரைவிங் டெஸ்ட் அன்று வந்த பயம் கொஞ்சமல்ல. அவள் ரிவர்ஸ் எடுத்தபோது ஒரு கம்பத்தைக்கூடத் தொடவில்லை. "நல்லா ஓட்டறீங்கம்மா," என்று இன்ஸ்பெக்டர் சொன்னதை இவன் தன் காதாலேயே கேட்டான்.  திண்டிவனம் மண்டியில் இவனை எல்லோரும் "வா ஓனரு" என்பார்கள். நாளைக்கு அவள் ஓட்டி, இவன் பின்னால் நின்று தார்ப்பாய்க்குக் கயிறு கட்டினால், அந்த 'ஓனரு' யாருக்குப் போகும்?

இந்த யோசனையோடு விழுப்புரம் பைபாஸ் ஓரத்தில் மெக்கானிக் தேவநாதனின் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

தேவநாதன் குனிந்து பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். "முன்னாடி இறங்கிப் போச்சி. ஏத்தணும். ஆனா எனக்கு இப்போ கை ஓயாத வேலை. பத்து நாள் கழிச்சி வா," என்றார்.

"ஞாயித்துக்கெழமை தர்பூசணி லோடு கீதுண்ணே."

"அப்போ நீயே பண்ணிடு. பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் நீட்டமா முறுக்குக் கம்பி போவுது பாரு. அதோட வால்ல ஒரு போல்ட்டு. போல்ட்டை டைட் பண்ணா கம்பி முறுக்கும், மூக்கு தூக்கும். நாலு ரவுண்டு போதும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு. ஆசைப்பட்டு அதிகமா ஏத்தினா வண்டி குதிக்கும். ஏத்தின அப்புறம் இங்க வந்து அலைன்மென்ட் பாத்துக்கினு போ."

அம்சவள்ளி எல்லாவற்றையும் போனில் பதிவு செய்துகொண்டிருந்தாள்.

தேவநாதன் உள்ளே போய் இரும்பு ஸ்டாண்டு இரண்டைத் தூக்கி வந்து வைத்தார். மூன்று கால், நடுவே ஒரு குழாய், குழாயின் குறுக்கே விரல் தடிமனுக்கு ஒரு பின்.

"இதைக் கேட்டுக்கோ. ஜாக்கி தூக்கறதுக்குத்தான், தாங்கறதுக்கு இல்ல. தூக்கினதும் சேஸிஸுக்குக் கீழ இதுங்க ரெண்டையும் வெச்சி, வண்டியை அதும் மேல இறக்கிட்டு, அப்புறந்தான் தலையை உள்ள விடணும். போன வருஷம் ஒருத்தன் வெறும் ஜாக்கியை நம்பி..."

"வேணாண்ணே. சொல்லாதீங்க."

தேவநாதன் சொன்னார். முழுவதும் சொன்னார். செருப்பு மட்டும் வெளியே தெரிந்த இடத்தைக் கையால் காட்டியும் சொன்னார்.

திரும்பி வரும் வழியில் தாண்டவராயன், "வேற பட்டறையில விட்டுடலாமா?" என்றான்.

"நீங்க வுடுங்க. நானே பண்றேன். அவர் சொன்னதெல்லாம் மனப்பாடம்," என்றாள் அம்சவள்ளி.

இதற்குப் பிறகு ஒரு ஆண்பிள்ளை என்ன செய்ய முடியும்? "நான் செத்தா போயிட்டேன்?" என்று கேட்டுவிட்டான். கேட்ட பிறகு அந்த வார்த்தையை ஏன் சொன்னோம் என்று திண்டிவனம் வரைக்கும் கலங்கினான்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, வீட்டு முன்னாலிருந்த காலி மனையில் வேலை தொடங்கியது.

பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தான். ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். கியரைப் போட்டான். முன் சக்கரம் இரண்டுக்கும் எதிரே தரையில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் வைத்தான். எலுமிச்சம்பழத்தைப் பற்றி தேவநாதன் ஒன்றும் சொல்லவில்லைதான். ஆனால் தாண்டவராயன் அது இல்லாமல் வண்டிக்கு டீசல்கூடப் போட்டதில்லை.

"ஸ்டாண்டை எடுத்தாரட்டுமா?" என்றாள் அம்சவள்ளி.

"அந்த முக்காலியா? அதுல ஒரு பின்னு கீது பாத்தியா? என் விரல் அவ்ளோதான் தடி. ஒரு வண்டியை விரலு தாங்குமா? இது அப்படியா? ஏழு வருஷமா ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பொட்டு வெச்சி, மாலை போட்டு வெச்சிக்கிறேன். என்னைக் கைவுடாது," என்று ஜாக்கியைத் தட்டிக்கொடுத்தான்.

பார்த்தால் பெரிய காபி பிளாஸ்க் மாதிரிதான் இருக்கும் அந்த ஜாக்கி. அதற்கு இன்றும் புதுசாகச் சந்தனம், குங்குமம் வைத்தான். முன்பக்க இரும்புக்கு நட்டநடுவே வைத்து அழுத்தினான். மூக்கு மெல்ல எழும்பியது. சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பின. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தலையை உள்ளே விடுவது ஒன்றுதான் பாக்கி.

"ஹெல்மெட்டு எங்க?" என்றான்.

"ஹெல்மெட்டா? வண்டி அடியில போறதுக்கா?"

"தலைக்கு எது நல்லதோ அது எப்பவும் நல்லது."

ஹெல்மெட்டைத் தேடி எடுத்து, சாமி படத்துக்கு முன்னால் நின்று, மயிலம் முருகனுக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டு திரும்பக் கால் மணி நேரம் ஆயிற்று. வந்தபோது அம்சவள்ளி கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்ணே?"

"எல்லாம் சரியா நிக்குதான்னு பாத்தேன். போங்க, தைரியமா போங்க."

அந்த ஹெல்மெட் போலீஸுக்காக வாங்கியது. கண்ணாடி முழுக்கக் கீறல். நேராகப் பார்த்தால் மங்கலாகத் தெரியும். பக்கத்தில் யானை நின்றாலும் தெரியாது. அதை மாட்டி, வாரை இறுக்கி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி தாண்டவராயன் டிரைவர் கதவுப் பக்கமாக மல்லாந்து உள்ளே நகர்ந்தான். போல்ட்டு மூக்கில் இடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தான்.

வலது பக்கம் நாலு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முருகா. முடிந்தது.

இடது பக்க போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினான். அப்போது 'டமால்' என்று ஒரு சத்தம்.

"அய்யோ! ஜாக்கி வெடிச்சிடுச்சி!"

"அதில்லங்க. நம்ம துரைக்கண்ணு வண்டி டயரு. எதிர்ல ரோட்டுல வெடிச்சிடுச்சி. நீங்க வேலையைப் பாருங்க, நான் இன்னான்னு பாத்துட்டு வர்றேன்."

வாசலில் யாரோ ஏதோ கேட்பதும் அவள் ஏதோ பதில் சொல்வதும் ஹெல்மெட்டுக்குள் தேனீ இரைச்சலாகக் கேட்டது. தாண்டவராயன் மூச்சை இழுத்துவிட்டு, ஸ்பேனரை முதல் தடவை அசைத்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

'உஸ்ஸ்ஸ்...'

வண்டி இறங்கியது. கண்ணெதிரே, கறுப்பு இரும்பு, அவன் முகத்தை நோக்கி வந்தது. எங்கோ 'டங்' என்றது. ஹெல்மெட்டின் நெற்றியில் குறுக்கு இரும்பு வந்து உட்கார்ந்தது. தலை ஆடவில்லை. இடப்பக்கமும் போகவில்லை, வலப்பக்கமும் போகவில்லை.

தாண்டவராயனுக்குக் கத்த வரவில்லை. வாயைத் திறந்தான், காற்றுத்தான் வந்தது.  பட்டறையில் தேவநாதன் கையால் காட்டிய இடம் ஞாபகம் வந்தது. தன் செருப்பு வெளியே தெரிகிறதா என்று நினைத்துப் பார்த்தான். தெரியத்தான் தெரியும். நீலக் கலர், புதுசு.

இரண்டு நிமிஷம் கழித்துக் குரல் வந்தது. "அம்சா! அம்சா! வண்டி இறங்குதுடி!"

அம்சவள்ளி ஓடிவந்து குனிந்தாள். நிஜமாகவே பதறித்தான் கேட்டாள். "ஏங்க, அடி கிடி பட்டுதா? எங்கனா வலிக்குதா?"

"தலை மாட்டிக்கிச்சி. ஜாக்கி போயிடுச்சி அம்சா. இறங்கிக்கினே கீது."

"அய்ய, ஜாக்கிய..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"நீ பேசாத! முழுசா இறங்கறதுக்குள்ள உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

அம்சவள்ளி திறந்த வாயை மூடினாள். 

"இன்னா தப்பு?" என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் தாண்டவராயனுக்கு இரண்டாவது பயம் பிடித்துக்கொண்டது. ஒருவேளை சாகாவிட்டால்?

"ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன். யாரையாவது கூப்புடு."

கூப்பிட வேண்டிய தேவையே இருக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கோதண்டபாணி பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தானே வந்துவிட்டார். முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். முட்டி மடங்காது, இடது கண்ணில் புரை. அதனால் குனிந்தும் பார்க்க முடியாது, நிமிர்ந்தும் சரியாகப் பார்க்க முடியாது. ஆனால் யோசனை சொல்வதற்கு இரண்டும் வேண்டாமே.

"இன்னா மாப்ள, மாட்டிக்கினியா? பயப்படாத. நான் எத்தினி பாத்துக்கிறேன். ஒருவாட்டி திருவண்ணாமலை ரூட்டுல..."

"மாமா, அது வேணாம் மாமா!"

"...இதே மாதிரிதான். பாவம், ரெண்டு பசங்க."

தாண்டவராயன் மயிலம் முருகனுக்குத் தேங்காயை மொட்டையாக உயர்த்தினான்.

"கழுத்து வலிக்குது. தலைக்கு அடியில எதுனா அண்டை குடுங்களேன்," என்றான்.

கோதண்டபாணி ஒரு சாக்கை நாலாக மடித்து, தன் கைத்தடியாலேயே ஹெல்மெட்டுக்கு அடியில் தள்ளினார். முன்பு ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தது. இப்போது ஆணி அடித்ததுபோல் இறுகிவிட்டது.

"அய்யோ, இன்னும் இறங்கிடுச்சி! மேல அழுத்துது!"

"அப்போ நேரம் இல்ல. காலைப் புடிச்சி இழுத்துட வேண்டியதுதான்," என்று எழுந்தார் கோதண்டபாணி. கையைத் தாழ்த்தித் துழாவினார். கால் கிடைக்கவில்லை, கைலிதான் கிடைத்தது. மனுஷன் வயசானாலும் பலசாலி. ஒரே இழுப்பு. கைலி மட்டும் வெளியே வந்தது.

"வந்துட்டான், வந்துட்டான்!" என்றார்.

"மாமா, அது நான் இல்ல!"

இப்போது தாண்டவராயன் கோடு போட்ட டவுசரோடு கிடந்தான். ஊரைக் கூட்டலாம் என்று நினைத்திருந்ததும் போயிற்று. இந்தக் கோலத்தில் மண்டிக்காரர்கள் யாராவது வந்து பார்த்தால், பிழைத்தாலும் பிழைத்த மாதிரி ஆகாது.

அவனுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது. வண்டி எவ்வளவு இறங்கியிருக்கிறது? திடீரென்று எலுமிச்சம்பழம் ஞாபகம் வந்தது.

"மாமா, முன் சக்கரத்துக்குக் கிட்ட எலுமிச்சம்பழம் கீது. டயரு பழத்துகிட்ட வந்துடிச்சா பாருங்க."

கோதண்டபாணி கண்ணை இடுக்கினார். "பழம் தெரியுது. மஞ்சளா கீது. டயருக்கும் அதுக்கும் ஒரு ஜாண் இருக்கும்."

ஐந்து நிமிஷம் ஆயிற்று. வியர்வை ஹெல்மெட்டுக்குள் வழிந்து காதில் நின்றது.

"இப்போ மாமா?"

"அப்படியேதான் கீது."

இன்னும் ஐந்து நிமிஷம்.

"இப்போ?"

நாற்காலி கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது.

"மாமா! பழம் எப்படிக் கீது?"

"பழத்தைக் காணோம் மாப்ள," என்றார் கோதண்டபாணி.  "நல்லாத்தான் பாக்கறேன். ரெண்டுத்தையும் காணோம்."

டயர் பழத்தை மூடிவிட்டது. தாண்டவராயன் அப்படித்தான் கணக்குப் போட்டான்.  செத்துப்போனால் பையன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பான் என்றுகூட நினைத்தான். அவனுக்குப் பையனே கிடையாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அதற்கும் சேர்த்து அழுகை வந்தது.

"இந்தாங்க மாமா, ஜூஸ் குடிங்க. வெயில்ல உக்காந்துக்கினு கீறீங்க," என்று அம்சவள்ளியின் குரல் கேட்டது. டம்ளரில் கரண்டி கலக்கும் சத்தமும் கேட்டது.

"நான் சாவப்போறேன், நீ ஜூஸ் போடறியா?"

"பெரியவருக்கு மயக்கம் கியக்கம் வந்தா அவரை யாரு பாக்கறது? உங்களுக்கு ஸ்ட்ரா போட்டுத் தரட்டுமா?"

"தேவநாதன் அண்ணனுக்குப் போன் போடு! ஜல்தி!"

அம்சவள்ளி போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, வண்டிக்கு அடியில் நீட்டினாள்.

"அண்ணே, நான் தாண்டவராயன். அடியில கீறேன். ஜாக்கி இறங்கிடுச்சி. தலை மாட்டிக்கிச்சி."

"ஸ்டாண்டு வெச்சியா?" என்றார் தேவநாதன்.

"வெக்கலண்ணே."

போனில், பின்னால் பட்டறையில் யாரோ இரும்பைத் தட்டும் ஒலி மட்டும் கேட்டது.

"அண்ணே?"

"வெக்கலியா?"

"வெக்கலண்ணே. முக்காலி மாதிரி இருந்திச்சி, நம்பிக்கை வரல."

"அசையாத. மூச்சைக்கூட மெதுவா வுடு. நான் ஆளைக் கூட்டிக்கினு கெளம்பறேன், ஒரு மணி நேரமாவது ஆவும்." தேவநாதன் கொஞ்சம் தயங்கினார். "தாண்டவராயா, வீட்டுல பக்கத்துல கீறாங்களா?"

"கீறாண்ணே."

"சொல்ல வேண்டியது எதுனா இருந்தா சொல்லிடு."

போன் வைக்கப்பட்டது. தாண்டவராயனின் பல் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டது. ஹெல்மெட்டுக்குள் அது ஊருக்கே கேட்பதுபோல் கேட்டது.

"அம்சா."

"சொல்லுங்க. பக்கத்துலதான் உக்காந்துக்கினு கீறேன்."

"போன கிருத்திகைக்கு விரதம்னு சொன்னேன்ல? அன்னிக்குக் கோட்டக்குப்பம் லோடு போனேன். அங்க பிரியாணி சாப்ட்டேன்."

"தெரியும். சட்டையில வாசனை வந்திச்சி. அப்புறம்?"

"உங்க அண்ணன் கல்யாண ஆல்பத்துல என் தலையை யாரோ கிழிச்சிட்டாங்கன்னு சொன்னேன். நான்தான் கிழிச்சேன். அதுல என் மூஞ்சி கோணலா இருந்திச்சி."

"அதுவும் தெரியும். அப்புறம்?"

"வேகத்தடையில நாலு வாட்டி இல்ல, ஒம்போது வாட்டி இடிச்சேன்."

"நான் பன்னெண்டு எண்ணி வெச்சிக்கிறேன். அப்புறம்?"

 எல்லாம் தெரிந்தவளிடம் இன்னும் ஒன்றுதான் மிச்சம். அதைச் சொல்லாமல் செத்தால், என்றைக்காவது ஒருநாள் சீட்டு உறையைத் துவைக்கக் கழற்றுவாள். அப்போது போட்டோவுக்கு முன்னால் நின்று அவள் என்ன கேட்பாள்? மாலைக்குள்ளிருந்து அவன் என்ன பதில் சொல்வான்?

"உன் லைசென்ஸு வந்துடிச்சி அம்சா. மூணு மாசம் ஆச்சி. நான்தான் ஒளிச்சி வெச்சேன்."

இந்தத் தடவை அவள் 'தெரியும்' என்று சொல்லவில்லை. கோதண்டபாணி ஜூஸ் உறிஞ்சுவதைக்கூட நிறுத்திவிட்டார்.

"ஏன்?" என்றாள். சின்னக் குரல்.

"பயம். நீ என்னைவிட நல்லா ஓட்டற. அப்புறம் நான் எதுக்கு? உனக்கு நான் தேவையில்லன்னு ஆயிடுமோன்னு பயம். எனக்கு எல்லாத்துக்கும் பயம், உனக்கே தெரியும்."

சொல்லிவிட்டு அழுதான். கண்ணைத் துடைக்க ஹெல்மெட்டுக்குள் கை போகவில்லை. அழுகை பாட்டுக்கு வழிந்தது.

"எங்க கீது?"

"டிரைவர் சீட்டு உறைக்குள்ள."

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தாண்டவராயனுக்குச் சட்டென்று விஷயம் உறைத்தது.

"ஏய், ஏறாத! ஏறாதடி! உன் வெயிட்டு தாங்காது!"

அம்சவள்ளி ஏறினாள். வண்டி ஆடியது. கிறீச்சென்றது. சீட்டில் உட்கார்ந்து, எழுந்து, உறையை உதறி, மறுபடி உட்கார்ந்தாள். ஒவ்வொரு அசைவுக்கும் தாண்டவராயன் ஒரு தடவை செத்தான். மொட்டையோடு மீசையையும் முருகனுக்கு எழுதிக் கொடுத்தான். காவடியும் எடுப்பதாகச் சொன்னான்.

மேலே கவரைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. 

"போட்டோ நல்லா வந்திருக்கு," என்றாள் கடைசியில்.  "நாளைக்கி விழுப்புரம் லோடு யாரு ஓட்டறது?"

"நீதான்! நீயே ஓட்டு!"

"நாளைக்கி மட்டுமா?"

"எப்பவும்! மயிலம் முருகன் மேல சத்தியம்! கோதண்டபாணி மாமா சாட்சி!"

"நான் கேட்டேன், கேட்டேன்," என்றார் கோதண்டபாணி.

அம்சவள்ளி இறங்கிவந்து, தரையில் படுத்து, கையை உள்ளே நீட்டினாள். தாடைக்குக் கீழே 'கிளிக்' என்று ஒரு சத்தம். ஹெல்மெட்டின் வார் கழன்றது.

"தலையை மட்டும் கீழ்ப்பக்கமா உருவுங்க. ஹெல்மெட்டு அங்கியே கெடக்கட்டும்."

தாண்டவராயன் உருவினான். தலை வந்தது. அவ்வளவுதான் விஷயம். அரை மணி நேரமாக அவனுக்கும் அது தோன்றவில்லை, யோசனை சொன்னவருக்கும் தோன்றவில்லை. அப்படியே புரண்டு வெளியே வந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், டவுசரோடு ஓடிப்போய் மதில் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். 

திரும்பிப் பார்த்தபோது அம்சவள்ளியின் பாதி உடம்பு வண்டிக்கு அடியில் இருந்தது.

"அய்யோ! நீ ஏன் உள்ள போற?"

"இடது பக்கம் நாலு ரவுண்டு பாக்கி கீதுல்ல? ஒரு பக்கம் மட்டும் தூக்கினா வண்டி கோணிக்கும்."

"வேணாம்! ஜாக்கி எந்த நிமிஷமும் போயிடும்!"

அவள் கேட்கவில்லை. ஹெல்மெட்டும் இல்லை, முருகனும் இல்லை. ஏதோ சுரைக்காய் பறிக்கிற மாதிரி கையை நீட்டி, ஸ்பேனரை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, புடவையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஹெல்மெட்டையும் தட்டி எடுத்து வந்தாள். விரலிடுக்கு வழியே பார்த்த தாண்டவராயனுக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. இத்தனை நெஞ்சுரம் உள்ளவளிடமா மூன்று மாதம் சர்வர் பிராப்ளம் சொன்னோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

அவள் டிரைவர் சீட்டில் ஏறி, பக்கக் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டாள். ஒரு கையால் போனை எடுத்து, "தேவநாதன் அண்ணே, வர வேணாம், அவர் வெளிய வந்துட்டார்," என்றாள்.

தாண்டவராயனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் திரும்பியது. உயிர் வந்ததும் முதலில் வந்தது நன்றிதான். முருகனுக்குச் செய்ய வேண்டியதைப் பிறகு செய்துகொள்ளலாம். அந்த அரை மணி நேரமும் ஒற்றை ஆளாக இத்தனை பாரத்தையும், அதற்கு மேல் அம்சவள்ளியையும் சேர்த்துத் தாங்கியது யார்? பாதி செத்தும் தன்னைக் கைவிடாதது யார்?

கைலியைத் தேடிக் கட்டிக்கொண்டான். உள்ளே போய்த் தட்டில் கற்பூரம் எடுத்து வந்தான். ஏற்றினான். வண்டிக்கு முன்னால் பயபக்தியோடு மண்டியிட்டு, ஜாக்கிக்குத் தீபாராதனை காட்டக் குனிந்தான்.

சந்தனப் பொட்டு வைத்த ஜாக்கி இருந்த இடத்தில் வெறும் மண்தான் இருந்தது.

கற்பூரம் கையில் எரிந்தது.  ஜாக்கி இல்லையென்றால், இத்தனை நேரம் வண்டியைத் தாங்கியது எது?

"அண்ணே!" என்று வாசலில் ஒரு குரல். எதிர்ச் சாரியில் டயர் வெடித்த துரைக்கண்ணு, கையெல்லாம் கிரீஸோடு, பொட்டு வைத்த ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "இந்தாங்கண்ணே உங்க ஜாக்கி, ஸ்டெப்னி மாத்திட்டேன். கீழ ரெண்டு ஸ்டாண்டு வெச்சிக்கிறேன், வண்டி அதும் மேல கெட்டியா குந்திக்கும், இது வேணாம், எடுத்துக்கினு போன்னு அக்காதான் டயரு வெடிச்ச உடனே திருகி எடுத்துக் குடுத்தாங்க!"